வாழைப்பூ நறுக்கிய கத்தி

கத்தி சேர்க்கிறேன் என்று சொன்னால் நம்மாட்கள் ஓரடி பின்னால் நகர்கிறார்கள். தபால்தலை சேர்ப்பவருக்குக் கிடைக்கிற மரியாதையில் பாதிகூட நமக்கு இல்லை. பிட்ஸ்பர்க் கோயிலில் சாப்பிடும்போது பக்கத்திலிருந்தவரிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு ஊறுகாய் வாங்கப் போனார். திரும்பி வரவே இல்லை.

இத்தனைக்கும் நான் சேர்ப்பது சட்டைப்பையில் அடங்குகிற மடக்குக் கத்தி. அதிலும் கன்ஸ்டாக் என்ற ஒரு வடிவத்தின் மேல்தான் பைத்தியம். அமெரிக்கப் பழைய மடக்குக் கத்திகளில் பார்லோ, ட்ராப்பர், கனோ, காங்கிரஸ் என்று வடிவத்துக்கு ஒரு பெயர் உண்டு. கன்ஸ்டாக்கின் கைப்பிடி துப்பாக்கிக் கட்டையின் சாயலில் இருக்கும். ஒரு பக்கம் ஒடுங்கி, நடுவில் சின்னதாக ஒரு படி இறங்கி, மறுபக்கம் அகலமாக முடியும். அந்தப் படியில் விரல் போய்த் தானாக உட்காரும். என்னைக் கேட்டால் மடக்குக் கத்திகளில் இதைவிட அழகான வடிவம் கிடையாது. வீட்டில் யாரும் கேட்பதில்லை.

நான் குடியிருக்கும் பென்சில்வேனியா மாநிலமும் இந்தப் பைத்தியத்துக்குத் தோதானது. 1889-இல் தொடங்கிய கேஸ் (Case) என்ற கத்திக் கம்பெனி இங்கே பிராட்ஃபோர்டில்தான் இருக்கிறது. அவர்களுடைய கத்தி அலகின் அடிப்பகுதியில் புள்ளிகள் குத்தியிருப்பார்கள். 1970-இல் பத்துப் புள்ளி, அடுத்த வருஷம் ஒன்பது, அப்படியே குறைந்துகொண்டு போகும். பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளி எண்ணிக் கத்தியின் வயசைச் சொல்லிவிடலாம். கல்யாண நாள் மட்டும் ஞாபகம் இருக்காதாக்கும் என்பாள் மனைவி. டைட்டஸ்வில் என்று இன்னொரு ஊர். 1859-இல் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டிப் பேர் வாங்கிய இடம். அங்கே 2006-இல் ஆரம்பித்த கிரேட் ஈஸ்டர்ன் பட்டறையில் இன்னமும் பழைய பாணியில் கத்தி செய்கிறார்கள். குடும்பத்தோடு கிணற்று மியூசியம் பார்க்கப் போனபோது என் கண் முழுக்கப் பட்டறை இருக்கும் திசையில்தான் இருந்தது.

இந்தக் கத்திகளுக்குப் பூட்டு கிடையாது. முதுகுப் பக்கம் உள்ள ஸ்பிரிங் பட்டையின் அழுத்தத்தில்தான் திறந்தபடியோ மூடியபடியோ நிற்கும். மூடும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே கத்தியை எடை போடுவார்கள். ராத்திரி சோபாவில் உட்கார்ந்து நானும் எடை போடுவேன். மனைவி என்னை எடை போடுவாள்.

இப்படி இருக்கையில் மதுரையிலிருந்து அத்தை வந்தார். இந்தியக் கடையில் நல்ல வாழைப்பூ கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டுக் காய்கறிக் கத்தியோ தக்காளியைக்கூட நசுக்கித்தான் நறுக்கும். அத்தை இழுப்பறையைத் துழாவியபோது என் கன்ஸ்டாக் கையில் கிடைத்துவிட்டது. முழுப் பூவையும் அதிலேயே நறுக்கித் தள்ளிவிட்டார்.

சாயங்காலம் நான் வரும்போது அத்தை முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். "மாப்ளே, உங்க கத்தி கறுத்துப்போச்சு. எவ்வளவு கழுவியும் போகலை."

வாங்கிப் பார்த்தேன். கறுப்பா அது! நீலம், ஊதா, ஓரத்தில் தங்க நிறக் கீற்று. அந்தக் கத்தி 1095 என்ற கார்பன் ஸ்டீல். கிட்டத்தட்ட ஒரு சதவீதம் கார்பன் இருக்கும். துருப்பிடிக்காமல் காக்கும் குரோமியம் கிடையாது. அதனால் புளிப்போ துவர்ப்போ பட்டால் நிறம் மாறும். வாழைப்பூவின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கருநீலம்தான். பாட்டினா எனப்படும் இந்தப் படிவுக்காக ஆட்கள் கத்தியில் கடுகு சாஸ் பூசிக் காத்திருப்பார்கள், வினிகரில் ஊறப் போடுவார்கள், ஆப்பிளில் குத்தி வைப்பார்கள். எனக்கு வடையோடு இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

"அருமை அத்தை!" என்று துள்ளினேன். மனசு நோகாமல் இருக்க மாப்பிள்ளை நடிக்கிறார் என்று அத்தை எடுத்துக்கொண்டார்.

"இந்தக் கைப்பிடி என்ன மரம்?" என்று பேச்சை மாற்றினார். மாட்டுக் கால் எலும்பு. அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. மனைவி பின்னால் நின்று கண்ணை உருட்டினாள். "வெளிநாட்டுச் சரக்கு அத்தை" என்றேன். பொய்யில்லை. உடனே பெட்டியைத் திறந்து கொம்புப் பிடி போட்ட இன்னொரு கத்தியைக் காட்டினேன். அது நம் நாட்டுக் கடமான் கொம்பு. 1998-இல் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதிலிருந்து இங்கே அதற்கு விலை ஏறிக்கிடக்கிறது. "எங்க தாத்தா வீட்டுல இதை மாட்டிச் சட்டை தொங்கவிடுவாங்க" என்று அத்தை முடித்துக்கொண்டார்.

ராத்திரி நீலக் கத்தியைப் படமெடுத்து ஒஹையோவில் இருக்கும் கத்தி நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். ரிடையரான மனிதர், இதிலேயே ஊறியவர். என்ன ஆசிட் என்று கேட்டார். பூ என்றேன். ரோஜாவா என்றார். விளக்கிவிட்டுப் படுக்க நேரமாகிவிட்டது.

காலையில் பார்த்தால் கத்தி பளபளவென்று சமையல் மேடையில் கிடக்கிறது. அத்தை விடிகாலையில் எழுந்து புளியும் உப்பும் போட்டு, ஸ்க்ரப்பரால் ஒரு பிடி பிடித்திருக்கிறார். நீலம் போன இடம் தெரியவில்லை. உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு கார்த்திகைக்குத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி மின்னியது. போதாததற்கு, இறுக்கமாக இருக்கிறதே என்று மூட்டில் நல்லெண்ணெய் வேறு விட்டிருக்கிறார். மூடிப் பார்த்தேன். டக் வரவில்லை. "அம்மா, நீ இங்கேயே இருந்துடு" என்றாள் மனைவி.

இன்னொரு வாழைப்பூ வாங்கி வந்து, அதே கத்தியால் நறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அத்தை தொட மறுத்துவிட்டார். "ஒரு தடவை கெடுத்தது போதும் மாப்ளே." வேறு வழியில்லாமல் நானே உட்கார்ந்தேன். கள்ளன் எடுத்து முடிப்பதற்குள் இடுப்பு போய்விட்டது. அம்மாவும் மகளும் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, மடல் உரிக்கும் முறையைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். நீலம் திரும்பி வந்தது, உண்மைதான். முதல் தடவை வந்த அந்தத் தங்கக் கீற்று மட்டும் வரவில்லை.

ஒஹையோக்காரர் ஆசியக் கடையில் பூவைத் தேடிப் பிடித்துவிட்டாராம். கத்தி முடிந்தது, மிச்சப் பூவை என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருந்தார். அத்தை சொல்லச் சொல்ல உசிலிக்குச் செய்முறை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

நேற்று மனைவி ஒரு பலாப்பிஞ்சோடு வந்தாள். அதை நறுக்கினால் கத்திக்குப் பச்சை நிறம் வருமாம். யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாருக்கும் தெரியுமே" என்கிறாள்.