"பிடிச்சிருந்தது" என்பது விடை ஆகாது: உலகப் படங்களைப் பரீட்சைக்குப் படித்த அனுபவம்

பிலிம் இன்ஸ்டிடியூட் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறவர்களும், விஸ்காமில் (விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பு) திரைப்படத் திறனாய்வுத் தாளை நினைத்துப் பயப்படுகிறவர்களும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, மொத்தம் எத்தனை படம் பாக்கணும்?" எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. பாளையங்கோட்டையில் விஸ்காம் படித்து, நுழைவுத் தேர்வு எழுதி, இன்டர்வியூ வரை போனவன் நான். அப்புறம் கல்லூரிக் குறும்பட விழாக்களின் தேர்வுக் குழுவில் உட்கார்ந்து அடுத்தவர் படத்துக்கு மார்க்கும் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது: படம் நல்லதா இல்லையா என்பதைக் கடைசியில் சொன்னால் போதும். அதற்கு முன்னால் திரையில் என்ன இருந்தது, என்ன கேட்டது, எந்தக் கட்டுப்பாடுகளுக்குள் அந்தப் படம் எடுக்கப்பட்டது என்பதையெல்லாம் சொல்லத் தெரியவேண்டும். விடைத்தாளில் நிறையப் பேர் தீர்ப்பில் ஆரம்பித்துத் தீர்ப்பிலேயே முடித்துவிடுகிறார்கள்.

கட்டுப்பாடு என்றால் என்ன என்பதற்கு ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனியர் ஒருத்தி ஓர் ஈரானியப் படத்தைப் பற்றி எழுதும்போது, "வீட்டுக்குள் கணவனோடு இருக்கும்போதும் அவள் தலையை மூடியே இருப்பது அந்தக் குடும்பத்தின் இறுக்கத்தைக் காட்டுகிறது" என்று எழுதியிருந்தாள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு. 1979 புரட்சிக்குப் பிறகு அங்கே திரையில் பெண்கள் தலையை மூடியே வரவேண்டும், கதைப்படி அது படுக்கையறையாக இருந்தாலும் சரி. அது பாத்திரத்தின் குணம் இல்லை, தணிக்கை விதி. இது தெரிந்த பிறகு அந்தப் படங்களைப் பார்த்தால் கேள்வியே மாறிவிடும்: கணவன் மனைவி தொட்டுக்கொள்ளக்கூட முடியாத ஒரு திரையில் இந்த இயக்குநர் நெருக்கத்தை எப்படிக் காட்டுகிறார்? காருக்குள் ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறார்கள்? ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹிக்கு 2010இல் இருபது வருடம் படமே எடுக்கக்கூடாது என்று தடை விதித்தார்கள். தடைக்கு நடுவில் டாக்ஸிக்குள்ளேயே ஒரு படம் எடுத்து, 2015இல் பெர்லின் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கக் கரடியை வாங்கினார் அந்த மனிதர். அதில் கேமரா ஏன் காரின் முன்பக்கத்திலேயே இருக்கிறது என்று கேட்டால், "ஸ்டைல்" என்று மட்டும் எழுதிவிட்டு வருவது நியாயமா?

இன்னொரு பழக்கம், பட்டியலை மனப்பாடம் செய்வது. 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் பத்திரிகை பத்து வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் கேட்டு, உலகின் சிறந்த படங்கள் என்று ஒரு பட்டியல் போடும். 1952இல் முதலிடம் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்' அசையவே இல்லை. 2012இல் 'வெர்டிகோ'. 2022இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷான்டல் அக்கர்மனின் 'ழான் டீல்மன்', 1975இல் வந்த படம். நாற்பது வருடம் ஆட்டிவைத்த ராஜாவே இறங்கும்போது, அந்த வரிசையை ஒப்பித்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? முதலிடம் ஏன் மாறியது, வாக்குப் போட யாரையெல்லாம் புதிதாகக் கூப்பிட்டார்கள் என்று யோசித்தால் அதில் விஷயம் இருக்கிறது.

அந்த 'ழான் டீல்மன்' மூன்று மணி இருபத்தொரு நிமிஷம் ஓடும். பிரஸ்ஸல்ஸில் ஒரு விதவை, பள்ளியில் படிக்கும் மகன், மூன்று நாள் வீட்டு வேலை, அவ்வளவுதான். உருளைக்கிழங்கு உரிப்பதை வெட்டாமல் காட்டுவார்கள். "மெதுவான படம்" என்று எழுதிவிட்டு எழுந்து போகிறவர்கள் இங்கேதான் மார்க்கை விடுகிறார்கள். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் மகுடம் என்ற தோல்வாத்தியம் அதிர விடிய விடியக் கணியான் கூத்து பார்க்கிற ஊரில் பிறந்துவிட்டு, நேரம் நீளுவதைப் பார்த்து நாம் பயப்படலாமா? நான் இந்தப் படத்தை வீட்டில் பார்த்தபோது ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சப்டைட்டில் வாசிக்கத் தெரியாது, அதனால் கை வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது நாள் வந்ததும், "ஏல, அவ கிழங்கக் குழைய விட்டுட்டா பாரு. நேத்து இப்படி இல்லயே, அவளுக்கு மனசு சரியில்ல" என்றாள். படத்தின் திருப்பமே அதுதான். முதல் நாள் ஒழுங்கை அத்தனை நேரம் பார்த்துப் பழகினால்தான் இரண்டாம் நாள் சின்னப் பிசகு பெரிதாகத் தெரியும், அந்த நீளம் அதற்காகத்தான். (மத்தியானம் வீட்டுக்கு வந்து போகும் ஆம்பளைகள் யார் என்று ஆச்சி கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.) அன்றிலிருந்து எல்லாப் படத்தையும் இரண்டாவது தடவை சப்டைட்டிலை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன். கண் திரையின் அடிப்பக்கத்திலேயே ஒட்டிக்கிடப்பது அப்போதுதான் விடும். நீங்களும் செய்து பாருங்கள், முதல் தடவை மட்டும் நிறுத்தாமல் பார்க்கவேண்டும், போனை எடுக்கக்கூடாது.

தூர தேசத்துப் படம் நமக்கு நெருக்கமாகத் தோன்றும்போதுதான் இன்னும் கவனம் வேண்டும். செனகல் நாட்டு ஊஸ்மான் செம்பேன் பிரெஞ்சில் நாவல் எழுதிக்கொண்டிருந்தவர், தன் ஜனங்களில் பெரும்பாலோரால் அதை வாசிக்க முடியாது என்று சினிமாவுக்கு வந்தார். 1968இல் வோலோஃப் மொழியில் அவர் எடுத்த 'மண்டாபி'யில், பாரிஸில் இருக்கும் சகோதரி மகன் ஊரில் இருக்கும் மாமாவுக்கு மணியார்டர் அனுப்புகிறான். அதை வாங்க அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், போட்டோ வேண்டும், நடுவில் கடன்காரர்கள், கடைசியில் ஏமாற்றும் சொந்தக்காரன். ஆதாரில் ஒரு எழுத்து மாறிப்போய் பேங்குக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்தவர்களும், மேலப்பாளையத்தில் வளைகுடாப் பணத்தை நம்பி இருக்கும் வீட்டுக்காரர்களும் இந்தப் படத்தைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே அழுவார்கள். சரி, ஆனால் "நம்ம ஊர் மாதிரியே இருக்கு" என்பது உள்ளே நுழைய ஒரு வாசல், அதோடு நின்றால் பாதி விடைதான். விடுதலை கிடைத்து எட்டு வருடம் ஆகியும் ஆபீசில் பிரெஞ்சுதான் நடக்கிறது, அந்த மனிதருக்கோ வாசிக்கத் தெரியாது. அவர் வீட்டில் எப்படிப் பேசுகிறார், கவுன்டர் முன்னால் எப்படிக் குறுகிப் போகிறார் என்ற வித்தியாசத்தைப் பிடித்து எழுதினால் மார்க் அங்கே இருக்கிறது. அதற்காக ஒரு படத்தை வைத்து ஒரு நாட்டுக்கே சர்டிபிகேட் கொடுக்கவும் வேண்டாம். "இப்படம் ஆப்பிரிக்காவின் வறுமையைக் காட்டுகிறது" என்ற வாக்கியம் கண்ணில் பட்டால் திருத்துகிறவர் அதற்கு மேல் ஆவலோடு வாசிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பத்து நாட்டில் ஒவ்வொரு படமாக மேய்வதைவிட ஒரே இயக்குநரின் மூன்று படத்தை வரிசையாகப் பார்ப்பது அதிகம் கற்றுத்தரும். ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமி 1987இல் அந்நாட்டின் கோக்கர் கிராமத்துப் பையனை வைத்து ஒரு படம் எடுத்தார், தவறுதலாக எடுத்து வந்த நண்பனின் நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து ஊருக்கு ஓடும் கதை. 1990இல் அந்தப் பகுதியில் பூகம்பம். நடித்த பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிப் போகும் இயக்குநரின் கதை 1992இல் வந்தது. அந்தப் படத்தில் வரும் ஒரு காட்சியை எடுக்கும் படப்பிடிப்பே 1994இல் இன்னொரு கதையானது. இந்த மூன்றையும் பார்த்தவருக்கு நிஜம் எது, நடிப்பு எது என்ற கேள்வியைப் பாடமாக நடத்தவேண்டியதில்லை.

பெரிய திரையில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களான நமக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம். டிசம்பரில் அங்கே நடக்கும் கேரளா சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் பாஸ் உண்டு. நாகர்கோவில் வழியாக ரயிலில் போய்த் தம்பானூரில் இறங்கினால் கைரளி, ஸ்ரீ, நிளா மூன்று தியேட்டரும் கிட்டவே இருக்கின்றன. ஆசைப்பட்டு ஒரு நாளைக்கு ஐந்து படம் பார்க்காதீர்கள். ராத்திரி எல்லாம் கலந்து, துருக்கி மலையில் கொரியாக்காரன் நடப்பான். மூன்று போதும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் டீக்கடையில் உட்கார்ந்து குறிப்பு எழுதிவிடுங்கள், கூட வந்தவர்களிடம் பேசுவதற்கு முன்னால். பேசிவிட்டால் சத்தமாகப் பேசுகிறவன் கருத்துதான் உங்கள் நோட்டில் இருக்கும். தேர்வுக் குழுவிலும் இதே கதைதான். முதலில் ஓடும் படத்துக்கு யாரும் தைரியமாக மார்க் போடுவதில்லை, சாப்பாட்டுக்குப் பிறகு ஓடும் படம் பாவம். அதனால் நான் படம் முடிந்ததும் கண்டதை மூன்று வரி எழுதிவிட்டு, எல்லாம் பார்த்து முடித்தபிறகுதான் எண் போடுவேன்.

பரீட்சை ஹாலில் முழுக் கதையையும் எழுதி நேரத்தைக் கரைக்காதீர்கள். ஒரு காட்சியைப் பிடியுங்கள். ஜப்பானிய இயக்குநர் ஓசுவைப் பற்றிக் கேட்டால், "ஓசுவின் கேமரா அழகாக இருக்கிறது" என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. "1953இல் வந்த 'டோக்கியோ ஸ்டோரி'யில் கேமரா தரையில் உட்கார்ந்திருப்பவரின் உயரத்தில் இருக்கிறது, அனேகமாக நகர்வதே இல்லை, பிள்ளைகள் எழுந்து வேலையைப் பார்க்கப் போன பிறகும் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவோடு நாமும் பாயில் உட்கார்ந்திருக்கிறோம்" என்று எழுதினால், அதற்குப் பிறகு வரும் தீர்ப்புக்கு ஒரு அஸ்திவாரம் இருக்கும். ஒலியை மறக்கவேண்டாம், பாதிப் பேர் அதை எழுதுவதே இல்லை.

இன்டர்வியூவில் பிடித்த படம் எது என்று கேட்பார்கள் என எல்லோரும் தயாராகிப் போவார்கள். என்னிடம் கேட்டது, உலகமே கொண்டாடும் படங்களில் உனக்குப் பிடிக்காதது எது என்று. சொன்னேன். ஏன் என்றார்கள், ஒரு காட்சியை வைத்து விளக்கினேன். அதோடு விடவில்லை, "சரி, அதே காட்சியை நீ எடுத்தால் கேமராவை எங்கே வைப்பாய்?" என்றார் ஒருவர். பிடிக்காத படம் ஒன்றையும் இரண்டு மூன்று தடவை பார்த்து, கேமரா வைக்கும் இடம் வரை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.