ஒன்பது நாள் பிரச்சாரத்தில் மைக்கில் வந்த ஒரு பேச்சு

2019 டிசம்பரில் எங்கள் சித்தப்பா ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றார். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி பக்கம் எங்கள் ஊர். எதிரில் நின்றவர் 2011இலிருந்து 2016 வரை தலைவராக இருந்த அக்கா. பெயர் வேண்டாம், ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும், சித்தப்பாவும் அப்படித்தான். வாக்காளர் பட்டியல் பார்ப்பது, நோட்டீஸ் எழுதுவது, மைக் வண்டிக்கு வாசகம் எழுதிக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. பெண் வேட்பாளரை எதிர்த்து அடுத்த தேர்தலில் வேலை பார்க்கப்போகிற இரண்டு பேர் அந்த ஒன்பது நாளில் என்ன நடந்தது என்று கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

அக்கா முதலில் ஜெயித்தபோது எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2019இல் பொதுவாக மாறிவிட்டது. எங்கள் பசங்க உடனே "லேடீஸ் சீட் போயிருச்சு, இன்னும் எதுக்கு அவங்க நிக்கிறாங்க" என்று ஆரம்பித்தார்கள். பொது என்றால் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றுதான் அர்த்தம், ஆண்களுக்கு என்று அர்த்தம் இல்லை. இதை நான் அன்றைக்கே சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. அந்தப் பேச்சின் அடுத்த படிதான் மைக்கில் வந்து நின்றது.

டிசம்பர் 19ஆம் தேதி சின்னம் ஒதுக்கினார்கள். எங்களுக்குப் பூட்டு சாவி, அக்காவுக்கு ஆட்டோ ரிக்ஷா. வாக்குப்பதிவு 30ஆம் தேதி, 28ஆம் தேதி மாலை 5 மணியோடு பிரச்சாரம் முடிய வேண்டும். தலைவர் பதவிக்கு அப்போது செலவு வரம்பு 34,000 ரூபாய், அதனால் ஒரே ஒரு மைக் ஆட்டோதான் வைத்திருந்தோம்.

மறுநாள் சாயங்காலம் அந்த ஆட்டோவை அக்கா வீட்டுக்கு எதிரிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். சொந்தக்காரர் ஒருவர் மைக்கை வாங்கி, "பொம்பளையா லட்சணமா வீட்டுல இருக்காம, விடிஞ்சா எக்ஸெல் வண்டிய எடுத்துக்கிட்டு ஊர் சுத்துறவங்களுக்கா உங்க ஓட்டு?" என்று கேட்டார். பசங்க விசிலடித்தார்கள். வாசலில் யாருமே இல்லை, உள்ளே விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்த விசிலைக் கேட்டு எங்கள் ஆட்கள் நமக்கு வேகம் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

அந்த வேகம் என்னவென்று காலையில் குழாயடியில் தெரிந்தது. ஏழெட்டுப் பெண்கள் தண்ணீருக்கு நின்றிருந்தார்கள். வயதான ஒருவர் புளி போட்டுக் குடம் தேய்த்துக்கொண்டிருந்தார், எங்கள் வீட்டில் எல்லா விசேஷத்துக்கும் வருகிறவர். சித்தப்பா நோட்டீஸை நீட்டினார், கையைக் கழுவிவிட்டு வாங்குவார் என்று அப்படியே நின்றார். அவர் கையைக் கழுவவில்லை. ஏற்கெனவே பளபளவென்று இருந்த அந்தக் குடத்தின் கழுத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டே இருந்தார், தலையைத் தூக்கவில்லை. யாரும் திட்டவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம்.

ராத்திரி அப்பத்தாதான் விஷயத்தை உடைத்துச் சொன்னார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் பக்கம் தென்னந்தோப்பெல்லாம் சாய்ந்து கிடந்தபோது ஊராட்சியில் தலைவரே கிடையாது, 2016இல் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து தனி அலுவலர்தான். நாள்கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. அந்த எக்ஸெலில் ஊர் ஊராகப் போய் வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்துவந்து தொட்டியில் தண்ணீர் ஏற்ற வைத்தவர் அக்கா. பதவியில் இல்லாதபோது செய்தது. "அவ சுத்துனதாலதான்டா அன்னைக்கு உன் புள்ளை தண்ணி குடிச்சுச்சு" என்று சித்தப்பாவைப் பார்த்தே சொன்னார்.

இன்னொன்றையும் சொன்னார், அதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம், எழுத்து படிக்க வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். தெருவில் நின்று மற்றவர்கள் கேலி பேசினார்கள், ஆனாலும் இவர்கள் ஓட்டினார்கள். அக்கா அப்போது இருபத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டவர். குழாயடியில் குடம் தேய்த்தவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். வண்டி ஓட்டுகிற பொம்பளை என்று எங்கள் மைக் சொன்னபோது, அந்த வயதுப் பெண்கள் எல்லோருக்கும் முப்பது வருஷத்துக்கு முன்னால் தங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்ட அதே குரல்தான் கேட்டிருக்கிறது. அக்காவை மட்டும்தான் அடிக்கிறோம் என்று நினைத்திருந்தோம், ஊரில் பாதிப் பேரை அடித்திருக்கிறோம்.

சரி, என்ன செய்வது என்று உட்கார்ந்தோம். "பேசினவர் நம்ம ஆளே இல்லைன்னு சொல்லிருவோம்" என்றார் ஒருவர். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் மந்தையில் நின்று அவரே மைக்கைப் பிடித்தார்: "முந்தாநாள் என் வண்டியில வந்த பேச்சு தப்பு. வண்டி என்னுது, மைக் என்னுது, அதனால பேச்சும் என்னுது. அக்காகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிறேன்." அவ்வளவுதான். 'ஆனாலும்' என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அந்த 'ஆனாலும்' வந்திருந்தால் மன்னிப்பு அங்கேயே செத்திருக்கும். வாட்ஸ்அப்பில் பசங்க அக்கா படத்தை வெட்டி ஒட்டிப் போட்டிருந்ததையும் அன்றே அழிக்கச் சொன்னார். தனிப்பட்ட வாழ்க்கையை இழுக்கக் கூடாது, கொள்கையையும் கடந்தகாலச் செயல்பாட்டையும்தான் விமர்சிக்கலாம் என்று தேர்தல் நடத்தை விதியிலேயே இருக்கிறது. எங்களில் ஒருவரும் அதுவரை அதைப் படித்திருக்கவில்லை.

அப்புறம் நேர் எதிர்ப்பக்கம் போய் விழுந்தோம். இரண்டு நாள் அக்காவைப் பற்றி மூச்சு விடவில்லை. பெண் என்பதால் நாங்கள் விமர்சனம் செய்ய மாட்டோம் என்று நானே ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தேன், பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு. மகளிர் குழுவில் கணக்கு எழுதும் பெண் ஒருவர் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டார்: "அஞ்சு வருஷம் பஞ்சாயத்துப் பாத்தவங்கதானே அவங்க, கணக்குக் கேட்டா என்ன உடைஞ்சா போயிருவாங்க? எங்களுக்கு நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணி வந்துச்சே, அதைக் கேக்க ஒரு ஆள் வேண்டாமா?" முதலில் வைததும் அப்புறம் பூப்போல வைத்ததும் ஒரே எண்ணத்திலிருந்து வந்தவைதான். இரண்டிலுமே அவரைத் தலைவராக நாங்கள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உருப்படியான வேலை ஆரம்பித்தது. முந்தின வருஷமே தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய செலவுச் சீட்டு நகல்கள் சித்தப்பாவிடம் இருந்தன, பரணில் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரே வருஷத்தில் மூன்று தடவை மோட்டாருக்குக் காயில் கட்டியதாக, அதாவது உள்ளே கம்பிச்சுருளை மாற்றியதாக, கணக்கு இருந்தது. நான் 'மோட்டார் மோசடி' என்று தலைப்புப் போட்டேன். குழுக் கணக்குப் பெண்ணிடமும் இன்னொருவரிடமும் அச்சுக்கு முன்னால் காட்டினோம், அவர்கள் அந்த வார்த்தையை அடித்துவிட்டார்கள். மோசடி என்று தெரியுமா, பார்த்தீர்களா என்று கேட்டார்கள், எங்களுக்குத் தெரியாது. கடைசியில் அச்சானது இப்படி: 'மூன்று தடவை காயில் கட்டியும் கீழத்தெருவுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வந்தது ஏன்? அக்கா பதில் சொல்ல வேண்டும்.' இதோடு வரத்து வாய்க்கால் பற்றி ஒன்று, கீழத்தெரு விளக்கு பற்றி ஒன்று, மொத்தம் மூன்றே கேள்வி. அச்சுக்குப் போகும் முன்னால் ஒவ்வொரு வரியிலும் அக்கா என்ற இடத்தில் அண்ணன் என்று போட்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தோம். அப்படிப் படிக்கும்போது ஒட்டாத வரி எதுவும் நோட்டீஸில் போகவில்லை.

கஷ்டமான இடம் அவர் கணவர் விஷயம். தலைவர் நாற்காலியில் பல நாள் அவர்தான் உட்கார்ந்திருந்தார், ஊருக்கே தெரியும், அது நியாயமான விமர்சனமும்கூட. ஆனால் 'பினாமி தலைவர்' என்று எழுதினால் புயலுக்கு வந்த அக்காவை ஒன்றும் தெரியாதவர் என்று சொன்னதாகிவிடும், அது பொய். கடைசியில் அதை எங்களைப் பற்றிய உறுதிமொழியாக மாற்றினோம்: 'நான் ஜெயித்தால் தலைவர் நாற்காலியில் நான் மட்டும்தான் உட்காருவேன், என் வீட்டு ஆட்கள் யாரும் ஊராட்சி அலுவலகத்தில் உட்கார மாட்டார்கள்.' புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்தது. கூட்டத்தில் பெண்கள் கைதட்டிய முதல் வரி அதுதான்.

பெரிய தேர்தல்களிலும் இதேதான் நடக்கிறது என்று பிறகு கவனித்தேன். 2000இல் நியூயார்க் செனட் தேர்தல் விவாதத்தில் ரிக் லாசியோ ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு ஹிலாரி கிளிண்டன் நின்ற இடத்துக்கே நடந்துபோய்க் கையெழுத்துப் போடச் சொன்னார். கேட்டது தேர்தல் நிதி பற்றிய நியாயமான விஷயம்தான், ஆனால் பார்த்தவர்களுக்கு அவர் மிரட்டப் போனதுதான் மனதில் நின்றது. அக்கா வீட்டு எதிரில் நாங்கள் ஆட்டோ நிறுத்தியதும் அதுவேதான், மைக்கில் நல்ல பேச்சே வந்திருந்தாலும் அந்த இடம் தப்பு. 2021இல் மேற்கு வங்காளத்தில் பிரதமர் மேடைக்கு மேடை முதல்வர் மம்தாவை 'தீதி ஓ தீதி' என்று இழுத்துக் கூப்பிட்டார் (தீதி என்றால் அக்கா), மம்தாவின் கட்சி 213 இடம் பிடித்தது. முழுக்க அதனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். இன்னொரு பக்கம், 2020இல் மத்தியப் பிரதேசத்தில் கமல்நாத் ஒரு பெண் வேட்பாளரை 'ஐட்டம்' என்று சொன்னார், அந்த இடைத்தேர்தலில் தோற்றவர் அந்தப் பெண்தான். அதனால் ஓட்டுப் போய்விடும் என்ற பயத்தில் மட்டும் நிறுத்துகிறவர்கள், ஓட்டுப் போகாது என்று தெரிந்தால் மறுபடி ஆரம்பிப்பார்கள். தப்பு என்பதாலேயே நிறுத்த வேண்டும்.

2020 ஜனவரி 2ஆம் தேதி தலைவர் பதவிக்கான இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டுகளைப் பிரித்து எண்ணினார்கள். கொஞ்ச ஓட்டில் தோற்றோம். முதல் இரண்டு நாள் கெடுத்ததை மீதி நாளில் முழுக்க மீட்க முடியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன், சித்தப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

ஜனவரி 26ஆம் தேதி கிராம சபை. சித்தப்பா எழுந்து தண்ணீர் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பைலுக்குள்ளிருந்து எங்கள் நோட்டீஸை எடுத்தார், நாலாக மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. மூன்று கேள்வியையும் அவரே சத்தமாகப் படித்தார். வாய்க்காலுக்கும் விளக்குக்கும் பதில் சொன்னார். மோட்டாருக்கு வந்தபோது, "இது எனக்கே சரியாத் தெரியலை தம்பி, பழைய பில்லெல்லாம் எடுத்துப் பாத்து அடுத்த கூட்டத்துல சொல்றேன், நீங்களும் உங்ககிட்ட இருக்கிற நகலைக் கொண்டாங்க" என்றார். சித்தப்பா சரிக்கா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.