கோடு போட்ட பை: பிரசவ அறையில் ரத்தப்போக்கை அளந்து பார்த்த அனுபவம்

பிரசவம் முடிந்த கையோடு "எவ்வளவு ரத்தம் போயிருக்கும்?" என்று கேட்டால், பெரும்பாலான லேபர் வார்டுகளில் வரும் பதில் "நார்மல்தான்" என்பதே. கேஸ் ஷீட்டிலும் 200, 250 என்று ஏதோ ஒரு எண் ஏறிவிடும். யாரும் வேண்டுமென்று பொய் எழுதுவதில்லை. மெத்தையில் கொஞ்சம், துணியில் கொஞ்சம், கீழே வைத்த வாளியில் பனிக்குட நீரோடு கலந்து கொஞ்சம் என்று நாலாபக்கமும் போன ரத்தத்தைக் கண்ணால் கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

அதனால் ரத்தத்தை அளக்கும் பயிற்சியை எப்போதும் சிவப்புத் தண்ணீரில் தொடங்குவோம். தண்ணீரில் உணவுச் சாயம் கலந்து, 150 மி.லி.யை ஒரு பேடிலும், 350-ஐ ரப்பர் ஷீட்டிலும், 700-ஐ விரித்த துணியிலும், 1,000-ஐத் தரையிலும் ஊற்றி வைத்து, ஆளுக்கொரு தாளில் மதிப்பை எழுதச் சொல்ல வேண்டும். சிறிய அளவைக் கூட்டி எழுதுவார்கள், பெரிய அளவைக் குறைத்து எழுதுவார்கள். இருபது வருடம் பிரசவம் பார்த்த சிஸ்டருக்கும் நேற்று டியூட்டியில் சேர்ந்தவருக்கும் இதில் பெரிய வித்தியாசம் இருக்காது. இந்த ஒரு மணி நேரத்தைச் சுருக்கினால், அளவுக் கோடு போட்ட டிரேப் (ரத்தத்தைப் பிடித்து அளக்கும் பிளாஸ்டிக் பை) கடைசி வரை 'இன்னொரு கூடுதல் வேலை'யாகவே தெரியும்.

இந்த டிரேப்புக்கு ஒரு ஊர் உண்டு: கர்நாடகத்தின் பெலகாவி. கிராமத்தில், டாக்டர் இல்லாத இடத்தில், துணைச் செவிலியர் கையால் கருப்பையைச் சுருங்க வைக்கும் மிசோப்ரோஸ்டால் மருந்தை 600 மைக்ரோகிராம் வாய்வழி கொடுத்தால் ரத்தப்போக்கு குறையுமா என்று அங்குள்ள ஜவஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து சோதித்தார்கள். கண் மதிப்பை நம்பி அந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. ஆகவே இடுப்புக்கடியில் விரித்து, புனல் போல் குறுகி, அடியில் மி.லி. கோடுகள் உள்ள பிளாஸ்டிக் பையை உருவாக்கினார்கள். அதோடு ஒப்பிட்டபோது கண் மதிப்பு சுமார் 33 சதவீதம் குறைவாக இருந்தது. 1,620 பெண்கள் பங்கேற்ற மிசோப்ரோஸ்டால் ஆய்வு 2006-ல் வெளியானது. 500 மி.லி. அல்லது அதற்கு மேல் ரத்தம் போனவர்கள் 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தார்கள்.

பை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. 2010-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அந்த நினைப்பைக் கலைத்தது. 13 நாடுகள், 25,000-க்கு மேற்பட்ட பிரசவங்கள். பாதி மருத்துவமனைகளுக்குப் பை கொடுத்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு குறிப்பிடும்படி குறையவில்லை. அளவு தெரிந்தது. ஆனால் எந்த அளவில் யார் என்ன செய்ய வேண்டும் என்பது பையோடு கட்டப்படவில்லை.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த இ-மோட்டிவ் ஆய்வு கட்டியது அதைத்தான். 2023-ல் வெளியான அதில் 2,10,132 பெண்களின் பிரசவங்கள் அடக்கம். பையில் ரத்தம் கோட்டைத் தொட்டதும் ஐந்து வேலையும் ஒன்றாக ஓட வேண்டும்: கருப்பையைத் தேய்ப்பது, அதைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின், ரத்தக் கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப், பரிசோதித்து மூத்தவரை அழைப்பது. ரத்தப்போக்கு கண்டறியப்பட்டது 51.1-லிருந்து 93.1 சதவீதமானது. ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, ரத்தப்போக்குக்காக வயிற்றைத் திறப்பது, ரத்தப்போக்கால் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு பழைய முறையில் நடந்த மருத்துவமனைகளில் 4.3 சதவீதம், புதிய முறையில் 1.6 சதவீதம். ஆய்வு செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: பழைய முறையில் இருந்த மருத்துவமனைகளுக்கும் டிரேப் கொடுத்தார்கள், ஆனால் கோடு இல்லாத டிரேப். கவனிப்பு பழையபடியே நடக்கும், முடிவை மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எடை போட்டுக்கொள்ளலாம். பழைய முறை, புதிய முறை என்று பெண்களைப் பிரிக்காமல் மருத்துவமனை மருத்துவமனையாகப் பிரித்ததற்கும் காரணம் உண்டு. ஒரு நர்ஸ் காலையில் ஒரு பெண்ணுக்குக் கற்றதைச் செய்துவிட்டு மதியம் இன்னொரு பெண்ணுக்கு மறந்துவிட முடியாது.

இனி கைவேலை. குழந்தை பிறந்து, பனிக்குட நீர் வடிந்த பிறகுதான் டிரேப்பை இடுப்புக்கடியில் நுழைக்க வேண்டும். முன்பே விரித்தால் பனிநீரும் ரத்தமாகக் கணக்கில் ஏறும். நுழைத்ததும் நாடாவை இடுப்பில் கட்டி, பை கட்டில் விளிம்பில் தடையில்லாமல் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் ரத்தம் முதுகுக்கடியில் தேங்காமல் பைக்குள் இறங்கும். சிறுநீர்ப்பையைக் காலி செய்வதானால் டிரேப் போடுவதற்கு முன்பே. நஞ்சுக்கொடி கண்டிப்பாகத் தனி டிரேயில். அரைக் கிலோ எடையுள்ள அதை அவசரத்தில் டிரேப்பில் போட்டுவிட்டால் அந்தப் பிரசவத்தின் அளவு போனது போனதுதான்.

கோட்டைப் படிப்பதில் எல்லோரும் வழுக்கும் இடம் மடிப்பு. பிளாஸ்டிக் மடிந்து ஒட்டியிருந்தால் ரத்தம் மேலே தேங்கி, கீழே காலியாக இருக்கும். 300 கோட்டுக்கு மேலே தெரிவது உண்மையில் 180 ஆக இருக்கலாம். இரண்டு விரலால் பையின் அடியைப் பிடித்து மெல்ல இழுத்து, மடிப்பை விரித்து, கண்ணை அந்த மட்டத்துக்கு இறக்கிப் படிக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் தப்பாகத்தான் வரும். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளவு, கருப்பையின் இறுக்கம், ரத்தம் வழியும் விதம் மூன்றையும் பார்க்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தை நம்பாமல் கட்டிலுக்கொரு டைமர் வைப்பது நல்லது. இரண்டு பிரசவம் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் விட்டுப்போவது இந்தப் பதினைந்து நிமிடம்தான்.

300 கோடு எதற்கு என்று கேட்பார்கள். ரத்தசோகையோடு வந்த பெண்ணுக்கு 500 வரை காத்திருக்கும் அவகாசம் இல்லை. 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: 300 மி.லி.யோடு நாடி, ரத்த அழுத்தத்தில் ஏதாவது ஒன்று கெட்டிருந்தாலும் சிகிச்சை தொடங்க வேண்டும், எதுவும் கெடாவிட்டாலும் 500-ல் தொடங்க வேண்டும். எது முதலில் வருகிறதோ அது. ஆகவே டிரேப் உள்ள கட்டிலில் வேலை செய்யும் பி.பி. கருவியும் இருந்தாக வேண்டும். அது இல்லாமல் 300 கோடு வெறும் கோடு.

இ-மோட்டிவ் ஆய்வில் பயன்பட்ட மருந்து அளவுகள் இவை. ஆக்ஸிடோசின் 10 யூனிட் நரம்பு வழியாக, பிறகு 20 யூனிட்டை ஒரு லிட்டர் சலைனில் கலந்து நான்கு மணி நேரத்தில். டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், பத்து நிமிடத்தில். ஆம்பியூல் 5 மி.லி.யில் 500 மி.கி. என்றால் இரண்டு வேண்டும், நிமிடத்துக்கு 1 மி.லி. கணக்கு. வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் இறங்கும். இந்த மருந்துக்கு நேரம்தான் உயிர்: 15 நிமிடத் தாமதத்துக்குச் சுமார் 10 சதவீதம் பலன் குறைகிறது, மூன்று மணி நேரம் தாண்டினால் பலனே இல்லை. அதற்காக ரத்தசோகை உள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே போட்டுவிடலாம் என்பதும் சரிவரவில்லை. நான்கு நாடுகளில் 15,000 பெண்களிடம் பார்த்த ஆய்வில் அது ரத்தப்போக்கைத் தடுக்கவில்லை. இந்த ஆம்பியூலை முதுகுத்தண்டில் போடும் மயக்க மருந்து இருக்கும் டிராயரில் வைக்கவே கூடாது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் ஆம்பியூல் மாறி முதுகில் போனதால் உயிர்கள் போயிருக்கின்றன.

ஐந்து வேலைக்குமான மருந்தும் சாமானும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும் என்று சொல்வது எளிது. ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. குளிர்பெட்டி இரண்டு அறை தள்ளி இருக்கும், சாவி பகல் டியூட்டி பார்மசிஸ்ட் வீட்டுக்குப் போயிருக்கும். பெட்டியின் மூடியில் 'ஆக்ஸிடோசின் – குளிர்பெட்டி, இரண்டாம் தட்டு' என்று ஒட்டி, சாவியை லேபர் வார்டு சாவிக் கொத்தில் சேர்த்த பிறகுதான் ஒத்திகையில் நேரம் குறையும். ஆக்ஸிடோசினைப் போலவே கருப்பையைச் சுருக்கும், வெப்பம் தாங்கும் கார்பெடோசின் 30 டிகிரி வரை கெடாது, ஆனால் அது ரத்தப்போக்கைத் தடுக்க, வந்த பிறகு நிறுத்த அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வார்டில் ஆய்வும் நடக்கிறதென்றால், அதற்கான அளவு கோட்டிலிருந்து எடுப்பதல்ல, எடையிலிருந்து. கோடு சிகிச்சைக்கு, தராசு கணக்குக்கு. காலி டிரேப் 70 கிராம், ரத்தத்தோடு 600 கிராம் என்றால் மிச்சம் 530 கிராம். ரத்தத்தின் அடர்த்தி 1.06, ஆக 500 மி.லி. நனைந்த பேடையும் காலி எடை கழித்துச் சேர்க்க வேண்டும். டிரேப் புதிய லாட் வந்தால் பத்து எடுத்துக் காலி எடையை மறுபடி பார்க்க வேண்டும். எடை காட்டும் திரையை ஆய்வு எண்ணோடு போட்டோ எடுத்து வைப்பது நல்லது, பெயரோ முகமோ படத்தில் வரக் கூடாது. எடை போடும் வரை சிகிச்சை காத்திருக்கக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

தரவில் முதலில் தேட வேண்டியது 450, 480, 490 என்று எண்கள் குவிந்திருக்கிறதா என்பதை. 500 எழுதினால் கூடுதல் படிவம், விளக்கம், சில இடங்களில் திட்டு. எனவே எண் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். மாதம் ஒரு முறை எல்லா அளவுகளையும் வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் 500-க்குச் சற்று முன்னால் ஒரு கொம்பு தெரியும். அதற்கு மருந்து நர்ஸைக் கேள்வி கேட்பது அல்ல. 500-க்கான படிவத்தை ஒரு பக்கமாகக் குறைப்பதும், ஆடிட் கூட்டத்தில் கண்டுபிடித்தவரை முதலில் பாராட்டுவதும்தான். நாங்கள் பார்த்தவரை, பயம் போன வார்டில்தான் எண் நேராகிறது.

தரவில் இரண்டாவது ஓட்டை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்ட பெண்கள். மிக மோசமான ரத்தப்போக்கு ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விடும், டிரேப்பும் கூடவே போகும், படிவம் பாதியில் நிற்கும். பிரசவப் பதிவேட்டையும் ஆய்வுப் படிவங்களையும் தினமும் காலை எண்ணிச் சரிபார்த்தால் இரவுப் பிரசவங்களும் ரெஃபர் ஆனவையும் எங்கே கசிகின்றன என்று தெரியும். அனுப்பும்போதே டிரேப்பின் அளவையும் நேரத்தையும் ரெஃபரல் சீட்டில் எழுதிவிட வேண்டும். அங்கே எடுத்துக்கொள்கிற டாக்டருக்கு ஆய்வைவிட அது அதிகம் பயன்படும்.

பங்கேற்க ஒப்புதல் கேட்பதை வலி உச்சத்தில் வைத்துக்கொள்ளாமல் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் நாட்களிலேயே, கூட வருகிற அம்மா, மாமியார் முன்னிலையில் விளக்கிச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்துக் காட்டினால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

டிரேப் ஆய்வு நிதியில் வருகிறவரை யாரும் கவலைப்படுவதில்லை. முடிகிற தேதிக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே மருத்துவமனையின் கொள்முதல் பட்டியலில் அதைச் சேர்க்க எழுதிக் கொடுக்க வேண்டும், மாதப் பிரசவ எண்ணிக்கையோடு பத்தில் ஒரு பங்கு கூட்டி. கிழிவதும் தவறிக் கீழே விழுவதும் அந்த அளவுக்கு உண்டு.