காளைக் காசுகள்: இதுவரை சேர்ந்தவை

விலங்கு பொறித்த பழங்காசுகள் என்று பொதுவாகத் தேட ஆரம்பித்தால் முடிவே கிடையாது. ஏதென்ஸுக்கு ஆந்தை, ஏஜினாவுக்கு ஆமை, எபேசஸுக்குத் தேனீ என்று ஒவ்வொரு கிரேக்க நகரமும் ஒன்றை வைத்திருந்தது. நம் பக்கம் வந்தால் பாண்டியரின் சதுரக் காசில் யானையும் மீனும், சோழருக்குப் புலி, மலையமானுக்குக் குதிரை. என் சம்பளத்துக்கு இத்தனையும் தாங்காது என்பதால் காளை மட்டும் என்று எல்லை போட்டுக்கொண்டேன். காளையில் ஒரு வசதி உண்டு. காசு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் திமில் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் சேர்ந்தவை ஜிட்டல்கள், அதாவது ஒரு பக்கம் காளையும் மறுபக்கம் குதிரைவீரனும் உள்ள இடைக்கால வட இந்தியச் சிறு காசுகள். மலிவாகக் கிடைப்பதும் இவைதான். இந்தக் காளைக்கும் குதிரைவீரனுக்கும் மூலம், காபூல், ஓஹிந்த் பகுதியை ஆண்ட இந்து ஷாஹிகளின் வெள்ளிக் காசு. எடை 3 கிராமுக்குச் சற்று மேல். ஒரு பக்கம் படுத்திருக்கும் காளை, அதன் பின்புறத்தில் திரிசூலக் குறி, மேலே ‘ஸ்ரீ ஸமந்த தேவ’ என்ற எழுத்து. மறுபக்கம் குதிரைவீரன்.

அரசு மாறியும் காளை மாறவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். சந்தை நம்பிய காசை எதற்கு மாற்றுவது என்று நினைத்திருப்பார்கள் போல. பிருதிவிராஜ சௌகானும் இதே வடிவில் அடித்தார். 1192இல் அவரைத் தராயினில் வென்ற முகமது கோரியும் அதே காளையை வைத்துக்கொண்டு, தன் பெயரை நாகரி எழுத்தில் போட்டு அடித்தார். டெல்லியில் இல்துத்மிஷ் காலத்திலும் காளை இருந்தது. ஆனால் போகப்போக வெள்ளி குறைந்து செம்பு ஏறியது. உருவமும் கோடும் புள்ளியுமாகக் கரைந்துகொண்டே வந்தது. பழையதிலிருந்து புதியது வரை வரிசையாக அடுக்கிப் பார்த்தால்தான் அந்த மாற்றம் புரிகிறது. கடைசிக் காசை மட்டும் தனியாக வீட்டில் காட்டினேன், சோபா என்றார்கள்.

அப்புறம் பல்லவர் செப்புக் காசு. மாமல்லபுரம் கட்டியவர்களின் காசு இவ்வளவு பொடியாக இருக்கும் என்று கையில் வாங்கும்வரை தோன்றவில்லை. காளை அவர்களுடைய இலச்சினை. செப்பேட்டு முத்திரையிலும் அதே காளைதான். காசின் பின்பக்கம் பலவிதமாக வரும். இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல் இருந்தால் விலை எகிறிவிடுகிறது. என்னிடம் உள்ளதில் சக்கரம்.

அது வந்தபோது முழுக்க மண். காய்ச்சி வடித்த தண்ணீரில், அதாவது பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரில், ஊறப்போட்டு அவ்வப்போது தண்ணீரை மாற்றினேன். மண் இளகியதும் பல்குச்சியால் மெதுவாக நெருடினேன். புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பவேண்டாம். பித்தளைக் குடத்துக்கு அது சரி. காசின்மேல் பல நூற்றாண்டுகளாகப் படிந்த கறுப்பு அடுக்கு போய்விட்டால் உருவத்தின் விளிம்பும் சேர்ந்து போகும். வெளிர்பச்சையாகத் தூள் உதிர்ந்தால் மட்டும் உடனே கவனிக்க வேண்டும். அது குளோரைடு அரிப்பு, ஈரம் இருக்கும்வரை உள்ளே தின்றுகொண்டே இருக்கும். மெத்தென்ற பிவிசி உறையும் ஆகாது, மைலார் என்ற பாலியஸ்டர் உறைதான் நல்லது.

தேய்ந்த காளையைப் பார்க்க ஒரு வழி: அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் காசுக்குப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மொட்டையாகத் தெரிந்த பரப்பில் திமில், கொம்பு, முன்கால் எல்லாம் எழுந்து நிற்கும். பத்து மடங்கு லென்ஸைவிட எனக்கு இதுதான் அதிகம் உதவியது.

‘ஆற்று மணலில் கிடைத்தது’ என்று சொல்லி விற்க வருபவர்களை நான் தவிர்த்துவிடுகிறேன். பாதி போலி. மீதி உண்மை என்றாலும் வம்பு: மண்ணுக்குள் கிடைத்த புதையலை அரசிடம் தெரிவிக்கவேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி விற்பவருக்கு உரிமமும் வேண்டும். பில் கேட்டு வாங்குவதே நிம்மதி.

சமீபத்திய வரவு, யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகளின் சேதுக் காசு. பழங்காசு என்று சொல்லும் அளவுக்குப் பழையதல்ல, இடைக்காலத்தது. ஆனாலும் படுத்த காளைக்குக் கீழே ‘சேது’ என்று தமிழில் இருக்கும்போது எப்படி விடுவது? எழுத்து அட்டவணை எதுவும் இல்லாமல் நானே படித்த முதல் காசு இது.

பட்டியலில் மிச்சமிருப்பது இந்தோ-கிரேக்க அரசன் முதலாம் அப்பல்லோடோட்டஸின் சதுர வெள்ளிக் காசு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு, சுமார் 2.4 கிராம். கிரேக்க எழுத்தோடு யானை ஒரு பக்கம், கரோஷ்டி என்ற பழைய வடமேற்கு இந்திய எழுத்தோடு திமில்காளை மறுபக்கம். இதில் வார்ப்புப் போலிகள் நிறைய என்பதால் விளிம்பில் ஒட்டுக்கோடும் பரப்பில் குமிழித் துளையும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். தீபாவளி போனஸ் வந்ததும் அடுத்த ஏலத்தில் கேட்டுப் பார்க்கப்போகிறேன்.