தோற்ற ஆட்டங்களின் நோட்டு

மார்ச் 2

அக்கா மகளின் செஸ் ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனுக்கான மதிப்பெண், சில மாதங்களாக அசையவே இல்லை. உழைக்காமல் இல்லை. தினமும் புதிர் போடுகிறாள், ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க நகர்த்தல்கள்) வீடியோ பார்க்கிறாள், ராத்திரியில் பிளிட்ஸ் என்கிற அதிவேக ஆட்டம் ஆடுகிறாள். "இன்னும் என்னதான் பண்ணணும் மாமா?" என்று கேட்டாள். அண்மையில் தோற்ற நீண்ட ஆட்டங்களை அனுப்பச் சொன்னேன். வந்தது கம்ப்யூட்டர் அறிக்கை. சிவப்பில் கேள்விக்குறி, பச்சையில் ஆச்சரியக்குறி, துல்லியம் இத்தனை சதவீதம். அது வேண்டாம், வெறும் நகர்த்தல்கள் போதும் என்று திருப்பி அனுப்பினேன்.

மார்ச் 5

பலகையில் காய்களை அடுக்கி, தோற்ற ஆட்டத்தைத் தானே மறுபடி ஆடிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முக்கிய நகர்த்தலுக்கும் எதிரில், அப்போது மனதில் ஓடியதை எழுத வேண்டும். முடிந்தால் ஆடிய அன்றைக்கே. மறுநாளானால் நினைத்தது மறந்துபோய், நினைத்திருக்க வேண்டியது அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

"கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு நொடியில சொல்லிடுமே மாமா?"

சொல்லும். எந்த நகர்த்தல் தப்பு என்று சொல்லும். அந்தத் தப்பு உன் தலைக்குள் எப்படி நுழைந்தது என்று அதற்குத் தெரியாது. 1948இல் உலக சாம்பியன் ஆன போட்வின்னிக் ஆட்டக்காரர்களுக்கு வலியுறுத்தியதும் இதைத்தான்: சொந்த ஆட்டங்களை அலசு, அலசியதை அச்சில் வெளியிடு. நாலு பேர் ஓட்டை கண்டுபிடிப்பார்கள் என்ற பயம் இருந்தால் கை தானாகவே கவனமாக எழுதும்.

மார்ச் 6

நோட்டு வந்தது. ஒரு பக்கத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

அவள் வெள்ளை. (பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏ முதல் எச் வரை ஓர் எழுத்து, 1 முதல் 8 வரை ஓர் எண்.) காஸ்லிங் செய்து, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி, ராஜா ஜி1-இல். எச்2 சிப்பாய்க்குக் காவல் ராஜா மட்டும்தான், குதிரை டி4-க்குப் போய்விட்டது. கறுப்பின் பிஷப் டி6-இல், ராணி டி8-இல். எதிராளி எஃப்6-இல் இருந்த குதிரையை ஜி4-க்கு நகர்த்துகிறார். இவள் யானையை டி1-க்குக் கொண்டுவருகிறாள். பக்கத்தில் குறிப்பு: "திறந்த வரிசை, யானைக்கு நல்ல இடம்." உண்மைதான், நல்ல இடம்தான். ஆனால் பிஷப் எச்2-இல் வெட்டிச் செக் வைத்தது. குதிரையின் காவல் இருப்பதால் ராஜாவால் அதைத் திருப்பி வெட்ட முடியாது. மூலைக்கு ஓடினால் கறுப்பு ராணி எச்4-க்கு வருகிறது.

அந்தக் குதிரையைப் பற்றி நோட்டில் ஒரு சொல் இல்லை. அடுத்தடுத்த ஆட்டங்களையும் புரட்டினேன். எல்லாக் குறிப்பும் "நான்" என்றே தொடங்குகிறது.

எதிராளி காய் வைத்ததும், அது எதைத் தாக்குகிறது என்று பார்ப்பது பாதி வேலை. எந்தக் கட்டத்தை விட்டு வந்தது என்பது மீதி. ஜி4 குதிரை எச்2-ஐக் குறிவைத்தது. கூடவே, எஃப்6-ஐக் காலி செய்து ராணிக்கு எச்4 வரை பாதை திறந்துவிட்டது. பலர் முதலாவதைப் பார்த்துவிடுவார்கள். இரண்டாவதில்தான் ஆட்டம் போகும்.

இனி ஒவ்வொரு முறையும் அவள் தன்னையே கேட்க வேண்டியவை இரண்டு: அங்கே ஏன் வந்தது? இங்கிருந்து போனதால் என்ன திறந்தது?

மார்ச் 9

புதிர்களில் கெட்டிக்காரி, ஆட்டத்தில் கோட்டைவிடுகிறாள். இதில் ஆச்சரியம் இல்லை. புதிர் என்றாலே "இங்கே ஏதோ இருக்கிறது" என்று யாரோ காதில் சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம். ஆட்டத்தில் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. அதனால் புதிர்களுக்கு நடுவே, எதுவுமே இல்லாத சாதாரண நிலைகளையும் கலந்து கொடுக்கிறேன். "ஒன்றும் இல்லை, காயை நல்ல இடத்தில் வை" என்பதும் விடைதான். அதைச் சொல்ல அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

மார்ச் 10

நகர்த்தலை முதலில் தாளில் எழுதிவிட்டுப் பிறகு காயைத் தொடு என்று பழைய பயிற்சியாளர்கள் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் இன்றைய விதிப்படி டிரா கோருவது போன்ற ஓரிரு சமயம் தவிர முன்கூட்டி எழுதக்கூடாது. அதற்குப் பதிலாக: முடிவெடுத்ததும் பார்வையைப் பலகையிலிருந்து விலக்கு. பிறகு, அப்போதுதான் வந்து எட்டிப் பார்க்கிறவர் மாதிரி பார். செக் இருக்கிறதா, வெட்டு இருக்கிறதா, அவ்வளவுதான். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும், அதனால் இதெல்லாம் தொடுவதற்கு முன்னால்.

மார்ச் 14

ஓப்பனிங் மனப்பாடம் பற்றி இன்று சின்ன வாக்குவாதம். சேஸ், சைமன் என்ற இருவரின் 1973ஆம் ஆண்டு ஆய்வைச் சொன்னேன். உண்மையான ஆட்டத்தின் நிலை ஒன்றை 5 விநாடி காட்டினால் தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திருப்பி அடுக்கிவிடுவார். அதே காய்களைக் கன்னாபின்னாவென்று இறைத்துக் காட்டினால் கற்றுக்குட்டிக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆக, அவர் நினைவில் நிற்பது காய்களுக்கு இடையே உள்ள உறவு. காரணம் தெரியாமல் ஒப்பிக்கிற வரிசை, எதிராளி ஐந்தாவது நகர்த்தலிலேயே விலகினால் எதற்கு உதவும்? கொஞ்சம் முறைத்தாள். வீடியோவில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நிறுத்தி, காரணத்தை அவளே சொல்லிப் பார்ப்பது என்று சமாதானம் ஆயிற்று.

மார்ச் 18

எண்ட்கேம், காய்கள் குறைந்துபோன ஆட்டத்தின் கடைசிப் பகுதி. 1921இல் ரிச்சர்ட் ரெட்டி என்ற ஆட்டக்காரர் அமைத்த புதிரை வைத்தேன். வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும்.

"முடியாது மாமா. சிப்பாய் ஓடிடும்."

நேராகத் துரத்தினால் எட்டாதுதான். ஆனால் ராஜா குறுக்காக ஜி7, எஃப்6 என்று வந்தால் இரண்டு பக்கமும் நெருங்குகிறது. கறுப்பு சிப்பாயை ஓட்டிக்கொண்டே போனால், வெள்ளை ராஜா தன் சிப்பாயிடம் போய்ச் சேர்ந்துவிடும், இரண்டு சிப்பாயும் கடைசி வரிசையைத் தொட்டு ராணியாகிவிடும். கறுப்பு ராஜா சி6-ஐ வெட்ட பி6-க்கு வந்தால் வெள்ளை ஈ5. வெட்டினால் எஃப்4, எச் சிப்பாய் சிக்கியது.

பலகையை அவள் நகர விடவில்லை. நாலைந்து தடவை தானே ஆடினாள். "ஜி4 குதிரை மாதிரியே, ஒரே நகர்த்தலில் ரெண்டு வேலை," என்றாள். நான் சொல்லித்தரவில்லை.

மார்ச் 23

நகர்த்தலுக்குப் பக்கத்தில் கடிகாரத்தில் மிச்சமிருந்த நேரத்தையும் குறிக்கச் சொல்லியிருந்தேன். வெட்டினால் திருப்பி வெட்டியே ஆக வேண்டிய இடத்தில் பத்து நிமிடம் யோசனை. ராணிகளை மாற்றலாமா என்ற இடத்தில் அரை நிமிடம். ராணி போய்விட்டால் ஆட்டத்தின் குணமே மாறிவிடும், நேரத்தைச் செலவழிக்க வேண்டியது அங்கேதான். பிளிட்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முந்தின இரவு மட்டும் வேண்டாம்.

மார்ச் 30

குறிப்புகள் இப்போது "எதிராளி" என்று தொடங்குகின்றன. ரேட்டிங் இன்னும் அங்கேயேதான். ஆனால் தோல்வியின் வகை மாறிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிற கதையாக, நேற்றைய ஆட்டத்தில் ஒவ்வொரு காய்க்கும் பயந்து தற்காத்துக்கொண்டே பின்வாங்கியிருக்கிறாள். ஏ3, எச்3, ராஜா எச்1 என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேவையில்லாத நகர்த்தல்கள்.

இதற்கு வேறு பயிற்சி வேண்டும். மிரட்டல் கண்ணில் பட்டதும், நான் அதைக் கண்டுகொள்ளாமல் என் வேலையைப் பார்த்தால் என்ன ஆகும் என்று கடைசிவரை கணக்கிட வேண்டும். ஒன்றும் ஆகாது என்றால், அவர் ஒரு நகர்த்தலை வீணடித்திருக்கிறார். நேற்றைய ஆட்டத்தையே வைத்து ஏ3-இலிருந்து தொடங்குகிறோம். எச்3 மட்டும் தேவைதான் என்று அவள் வாதாடுகிறாள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.