அசதி என்று வருபவர்கள்

காரைக்குடிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்த புதிதில், "அசதியா இருக்கு டாக்டரம்மா" என்று யாராவது சொன்னால் என் கை தானாக பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதிவிடும். வரிசை வாசல்வரை நிற்கும்போது அதற்கு மேல் கேட்கத் தோன்றாது.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் ஊறிய கற்களைத் தொட்டியிலிருந்து எடுத்து அடுக்கும் ஒரு பெண், மூன்று முறை அப்படி மாத்திரை வாங்கிப் போனார். நான்காவது முறை பெஞ்சில் காத்திருந்தபோது எதையோ மென்றுகொண்டிருந்தார். முந்தானை முடிச்சில் ஒரு பிடி பச்சரிசி.

"இது இல்லாட்டி இருப்புக் கொள்ளாதும்மா."

இப்படி அரிசி மெல்லும் ஆசை ரத்தசோகையாலும் வரலாம். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. நகங்கள் நடுவில் குழிந்திருந்தன. "மாசத் தீட்டு எத்தனை நாள் படுது?" என்றேன். "பத்து நாள் ஆகும். பொம்பளைன்னா அப்படித்தானே?" ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டியவருக்கு 6.4. பெரிய ஆஸ்பத்திரி ஸ்கேனில் கர்ப்பப்பைக் கட்டி தெரிந்தது. நான் கொடுத்துவந்த மாத்திரையில் இரும்புச் சத்தே கிடையாது. அந்த மூன்று சீட்டுகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

இப்போது அசதி என்றால் என்ன அசதி என்று கேட்கிறேன். படியேறினால் மூச்சு வாங்குகிறதா, உட்கார்ந்தாலே கண் சொருகுகிறதா, எதிலும் மனசு ஒட்டவில்லையா? குளிர் தாங்காமல் எடை கூடினால் தைராய்டு பார்ப்பேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல் என்றால் காசநோயா என்று சளிப் பரிசோதனைதான் முதலில். "குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பவர்களிடம் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கிறது, அதுவும் வைத்தியம்தான்.

அப்புறம் ஓர் ஆச்சி. பிள்ளைகள் வெளிநாட்டில், இரண்டு கட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அசதியோடு பாதமும் மரத்துப்போகிறது என்றார். அந்த மாத்திரை நாளடைவில் பி12 சத்தைக் குறைக்கலாம், அது குறைந்தால் இப்படி மரக்கும். ரத்தத்தில் பார்த்தோம், குறைவுதான். ஊசி ஆரம்பித்தோம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோதுதான், "ஒருத்திக்காக யாரு அடுப்பு மூட்டுறது?" என்றார். தினமும் கஞ்சியும் ஊறுகாயும்தான்.

மரப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, அசதி முழுசாகப் போகவில்லை. மாதாமாதம் சுகர் மாத்திரைக்கு வரும்போது நர்ஸ், "நேத்து என்ன சமையல் ஆச்சி?" என்று கேட்பார். பதிலைச் சர்க்கரை அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன். போன மாதம் எழுதியது: கத்தரிக்காய் பச்சடி.