பதினாறில் ஒரு மாங்கனீசு

கிரீஸில் உராய்வைக் குறைக்கச் சேர்ப்பார்களே, அந்தக் கறுப்புப் பொடிதான் மாலிப்டினம் டைசல்பைடு. கட்டியாக இருக்கும்போது அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது மின்சாரம் கடத்த எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல், சுமார் 1.3 எலக்ட்ரான் வோல்ட். அதுவும் மறைமுக இடைவெளி, தாண்டும்போது எலக்ட்ரான் தன் உந்தத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒற்றை அடுக்காக உரித்துவிட்டால் 1.8 பக்கம் ஏறி நேரடி இடைவெளியாகிவிடும். கார்பனின் ஒற்றை அடுக்கான கிராஃபீனில் இந்த இடைவெளியே கிடையாது, அதனால் மின்னோட்டத்தை முழுதாக நிறுத்த முடியாது. டிரான்சிஸ்டர்காரர்கள் இதைத் தேடி வந்தது அதனால்தான்.

ஆனால் இதற்குக் காந்தத்தன்மை கிடையாது, எலக்ட்ரான்கள் எல்லாம் ஜோடி சேர்ந்துவிட்டன. சரி, ஒரு மாலிப்டினத்தை எடுத்துவிட்டு மாங்கனீசை வைத்தால்? அதற்கு ஓர் எலக்ட்ரான் அதிகம். அது ஜோடியில்லாமல் நிற்கும். கணக்கில் ஒரு போர் மேக்னட்டான் வரும், அணுவின் காந்த வலிமையான திருப்புத்திறனை அளக்கும் அலகு அது. இடைவெளிக்குள் புது ஆற்றல் மட்டங்களும் முளைக்கும். நையோபியம் என்றால் ஓர் எலக்ட்ரான் குறையும், அது பி-வகைக் குறைகடத்தி. ரீனியம் என்றால் ஓர் எலக்ட்ரான் கூடும், அது என்-வகை. இதில் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

"அப்ப இதுல ஆணி ஒட்டுமாத்தா?" என்று அப்பத்தா திரையை எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். சரியான கேள்வி. அணு ஒவ்வொன்றும் காந்தமாக இருந்தால் போதாது, எல்லாம் ஒரே திசையில் நிற்க வேண்டும். இரு பரிமாணத்தில் எந்தத் திசையும் சமம் என்றால் வெப்பம் அந்த ஒழுங்கைக் கலைத்துவிடும் என்று 1966-லேயே மெர்மின், வாக்னர் என்ற இயற்பியலாளர்கள் நிறுவினார்கள். ஆனால் 2017-ல் குரோமியம் ட்ரை-அயோடைடின் ஒற்றை அடுக்கு காந்தமாக நின்றது, அதன் காந்தத் திசை தளத்துக்குச் செங்குத்தாக நிற்கவே விரும்புவதால். அதுவும் 45 கெல்வின் (சுமார் மைனஸ் 228 டிகிரி செல்சியஸ்) வரைதான். அதனால் "இப்போதைக்கு ஒட்டாது அப்பத்தா" என்றேன்.

இதையெல்லாம் நான் கணினியில்தான் கணக்கிட்டுப் பார்க்கிறேன். ஒற்றை அடுக்கில் 4க்கு 4 கட்டம் போட்டால் 16 மாலிப்டினம். ஒன்றை மாற்றினால் 6.25 சதவீதம். மென்பொருள் அதையே நாலாபக்கமும் பதித்துக்கொண்டு போகும், எங்கள் காரைக்குடி வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல்லின் பூ மாறாத இடைவெளியில் வருகிற மாதிரி. நிஜப் படலத்தில் மாங்கனீசு அப்படி வரிசையாக உட்காராது, அங்கங்கே கூடிக்கொள்ளும். ஒரே ஓர் அணுவை மாற்றி, திருப்புத்திறன் வந்ததும் "அறை வெப்பநிலைக் காந்தம்" என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

இரண்டு மாங்கனீசு வைக்க வேண்டும். அருகருகே ஒரு முறை, தள்ளி ஒரு முறை. ஒவ்வொன்றிலும் காந்தத் திசை ஒத்தும் எதிர்த்தும். அந்த ஆற்றல் வித்தியாசம்தான் அவை ஒன்றையொன்று எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்று சொல்லும். 16 இடத்துக்குள் "தள்ளி" என்பதற்கே இடமில்லை என்பதால் 6க்கு 6-க்குப் போயிருக்கிறேன். மாலிப்டினம் இடம் 36, கந்தகம் 72, மொத்தம் 108 அணு. அருகருகே வைத்த கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் தள்ளி வைத்தது.